கால் மறவாத தறி

காஞ்சிபுரத்தில் ஐம்பது வருஷ காலம் குழித்தறியில் பட்டு நெய்த என் பெரியப்பாவுக்கு, பெற்ற பிள்ளைகளின் பெயர்களும், காலையில் பலகாரம் சாப்பிட்டோமா இல்லையா என்பதும், வீதியின் எந்தக் கோடியில் வீடு இருக்கிறது என்பதும் ஒவ்வொன்றாக நழுவிப்போன பின்னரும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்ட மாத்திரத்தில் அவை மாறி மாறி எதையோ மிதிக்கத் தொடங்கிவிடும். தேகாப்பியாசம் செய்விக்க வந்த பெண், "தாத்தா, வலது காலைப் பத்துத் தடவை தூக்குங்க" என்று முதல் நாள் கேட்டபோது, இரண்டாவது தடவையிலேயே அலுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கால்களைக் கவனித்துவிட்டுப் போன பெண், அடுத்த வாரம் பெரியம்மாவிடம் கேட்டுப் பரணில் கிடந்த பழைய மிதிக்கட்டைகள் இரண்டை எடுத்து, தச்சரிடம் கொடுத்துக் கீல் வைத்துக் கொண்டுவந்து காலடியில் போட்டதும், எவரும் சொல்லாமலே கால் மணி நேரம் மிதித்தார்.

ஞாபகம் என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பது உண்மையில் ஒரே பொருள் அன்று. 1953-ல் வலிப்பு நோய்க்காக அமெரிக்காவில் செய்த சஸ்திர சிகிச்சையில், மூளையின் இருபுறத்து ஹிப்போகாம்பஸ் பகுதியையும் பெரும்பாலும் இழந்து, அதன்பின் புதிய சம்பவம் எதையும் மனத்தில் நிறுத்த இயலாமற்போன ஹென்றி மொலைசன் என்பவரை, மாண்ட்ரீலிலிருந்து வந்து பரிசோதித்த பிரெண்டா மில்னர் அம்மையார், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரட்டை வரம்புக்குள் கோடு இழுக்கச் சொன்னார். மூன்று நாட்களில் அவர் கை தேர்ந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாளும் அந்தக் காரியத்தை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நடந்ததை ஏந்தி வைப்பது ஹிப்போகாம்பஸ். கையும் காலும் பழகிய தொழிலைக் காப்பதில் சிறுமூளைக்கும், பெருமூளையின் ஆழத்தில் புதைந்த நரம்புத் திரள்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அல்ஜைமர் வியாதி ஆரம்பத்திலேயே முன்னதைத் தாக்குகிறது. பின்னது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது.

எஞ்சியிருக்கும் இந்த மூலதனத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்று சிரத்தையோடு ஆராய்ந்தவர்களுள் பின்லாந்து தேசத்தவர் முக்கியமானவர்கள். ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைசு பிட்கலா அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அல்ஜைமர் கண்டு, கணவனோ மனைவியோ பராமரிக்க வீட்டிலேயே வசித்துவந்த 210 முதியோரைச் சமமாக மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் பகல்நேர நிலையத்துக்குச் சென்று கூட்டாகப் பயின்றனர். ஒரு பிரிவினரின் வீட்டுக்கே உடற்பயிற்சி நிபுணர் வாரத்துக்கு இரு முறை, முறைக்கு ஒரு மணி நேரமாக, ஒரு வருஷம் சென்றார். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. வீட்டுக்குச் சென்றவர் எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்றை ஒப்புவிக்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். மாடிப்படி ஏறுவதில் தடுமாறுபவருக்குப் படி, நாற்காலியிலிருந்து எழ முடியாதவருக்கு எழுந்து நிற்றல், வெளியே போக அஞ்சுபவருக்கு வெளி நடை என்று, அவரவர் அன்றாட வாழ்க்கை எங்கே முடங்குகிறதோ அங்கேயே பயிற்சி தொடங்கியது.

வருஷ முடிவில், உடுத்தல், குளித்தல், நடத்தல் போன்ற காரியங்களை அளக்கும் 126 மதிப்பெண் அளவையில் மூன்று பிரிவினரும் சரிந்தே இருந்தார்கள். ஆனால் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 14.4 இழந்திருக்க, வீட்டில் பயின்றவர்கள் 7.1 மட்டுமே இழந்திருந்தார்கள். பாதிச் சரிவு என்பது, நோயாளி ஒருவர் தம் வேட்டியைத் தாமே கட்டிக்கொள்ளும் காலம் இன்னும் சில மாதங்கள் நீளுவதாகும். அதன் மதிப்பை அவரைக் குளிப்பாட்டி உடுத்துபவர் அறிவார். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது செலவும் கூடிவிடவில்லை.

நான் வாசகர்களிடம் மன்றாடிச் சொல்ல விரும்புவது மற்றோர் எண்ணைப் பற்றி. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் ஆளுக்கு வருஷத்துக்குச் சராசரி 3.07 தடவை கீழே விழுந்தார்கள். வீட்டில் பயின்றவர்களோ 1.83 தடவைதான். இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இத்தகைய மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுள் மிகப் பலரை, "விழுந்துவிடுவார்" என்ற பயத்தினாலேயே, சுத்த அன்பினாலேயே, நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறோம். உட்கார்ந்தே இருக்கும் தொடை மெலிகிறது. மெலிந்த தொடை, என்றோ ஒருநாள் கழிவறைக்குப் போக எழும்போது தாங்குவதில்லை. நாம் அஞ்சிய விழுகையை நாமே வளர்த்துவிடுகிறோம்.

இத்தகைய பயிற்சியால் போன ஞாபகம் திரும்பும் என்று எவரேனும் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் மறதி நோய் கண்ட 494 பேரைக் கொண்டு நடத்தி 2018-ல் வெளியிட்ட பரிசோதனையில், நான்கு மாதம் சைக்கிள் மிதித்தும் எடை தூக்கியும் கடுமையாகப் பயின்றவர்களுக்குத் தேகபலம் கூடியதே தவிர, மறதி குறையவில்லை. ஒரு வருஷம் கழித்து அளந்தபோது அவர்களுடைய புத்தி நிலை மற்றவர்களைவிடச் சற்றே தாழ்ந்துகூட இருந்தது.

அப்படியானால் பழகிய மனிதர் ஒருவர் வந்து போவதால் நோயாளியின் மனத்துக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டா? வந்ததையே அவர் மறந்துவிடுகிறாரே என்று கேட்பவர்களுக்கு, ஐயோவாப் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஒரு சிறு ஆராய்ச்சி பதில் சொல்கிறது. அல்ஜைமர் கண்ட 17 பேருக்குத் துயரமான படக்காட்சிகளையும் ஆனந்தமான காட்சிகளையும் தனித்தனியே காட்டினார்கள். சில நிமிஷங்களில் பார்த்தது இன்னதென்று அவர்களுக்குப் பெரும்பாலும் மறந்துபோயிற்று. ஆயினும் அது எழுப்பிய உணர்ச்சி தங்கியது. காட்சியை எவ்வளவு குறைவாக நினைவுகூர்ந்தார்களோ அவ்வளவு அதிக நேரம் துயரம் நீடித்தது என்பதைப் படித்தபோது, பெரியப்பாவிடம் நான் பொறுமை இழந்து பேசிய சில மாலைப்பொழுதுகள் என் மனத்தில் வந்து நின்றன.

அந்தப் பெண் செவ்வாயும் வெள்ளியும் வருவாள். ஒவ்வொரு முறையும் பெரியப்பா, "நீ யாரும்மா?" என்று கேட்பார், கேட்டுக்கொண்டே கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விடுவார். பெரியம்மா அந்த ஒரு மணி நேரத்தைக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வர வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது நேரே உள்ளே வந்துவிடாமல், திண்ணையருகில் சிறிது நின்று, கட்டையின் ஓசை கேட்கிறதா என்று காது கொடுப்பாள்.