குறட்டையும் இதயமும்

குறட்டை விட்டு உறங்குபவரைப் பார்த்து, "எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார்!" என்று சொல்வோர் உண்டு. ஆனால், எல்லாக் குறட்டையும் நல்ல உறக்கத்தின் அடையாளமன்று. உரத்த குறட்டை திடீரென நின்று, சில விநாடிகள் அமைதி நிலவி, பின்னர்த் திணறலுடன் மூச்சு மீண்டும் தொடங்கினால், அஃது உறக்க மூச்சுத்தடை எனும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். 'ஸ்லீப் ஏப்னியா' என மருத்துவர்கள் அழைக்கும் இந்நோய், உறக்கத்தோடு இதயத்தையும் பாதிக்கிறது.

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகளும் நாக்கும் தளர்கின்றன. சிலருக்கு அவை பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. மார்பு மூச்சை இழுக்க முயன்றாலும் காற்று நுரையீரலுக்குள் செல்வதில்லை. மூச்சு குறைந்தது 10 விநாடிகள் நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ, மருத்துவர்கள் அதனைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு மணி நேரத்தில் இவ்வாறு 5 முறைக்குக் குறைவாக நேர்வது இயல்பு. 15 முறையை எட்டினால் பாதிப்பு நடுத்தரமானது. 30 முறையை எட்டினால் கடுமையானது.

இதற்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு? இயல்பான உறக்கத்தில் இதயத் துடிப்பு மெதுவாகிறது. இரத்த அழுத்தமும் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை குறைகிறது. இதயத்திற்குக் கிடைக்கும் ஓய்வு இதுவே. மூச்சு தடைப்படும்போதோ இரத்தத்தில் உயிர்வாயுவின் அளவு குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை, உறங்குபவரை நொடிப்பொழுது விழிக்கச் செய்கிறது. அப்போது அட்ரினலின் போன்ற சுரப்புநீர்கள் பெருகுகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. மணிக்கு 30 முறை இவ்வாறு நேர்ந்தால், ஏழு மணி நேர உறக்கத்தில் இதயம் 210 முறை இந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும்.

இந்நிலை பல்லாண்டுகள் நீடித்தால், பகலிலும் இரத்த அழுத்தம் உயர்ந்தே இருக்கும். இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடையும். சீரற்ற இதயத் துடிப்பு, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடும். அமெரிக்க இதயச் சங்கம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உயர் இரத்த அழுத்தமும் இதய நோய்களும் உடையோரில் 40 முதல் 80 விழுக்காட்டினருக்கு உறக்க மூச்சுத்தடை காணப்படுகிறது. உடற்பருமன் இவ்விரு நோய்களுக்கும் பொதுவான காரணமாக அமைவதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

எனினும், பருமனானவர்களுக்கு மட்டுமே இந்நோய் வரும் என்று எண்ணுவது தவறு. சிறிய தாடை அமைப்புடைய ஒல்லியானவர்களுக்கும், தொண்டைச் சதை வீங்கிய சிறுவர்களுக்கும் இது வரலாம். காலையில் தலைவலி, வாய் உலர்தல், பகலில் அடக்க முடியாத தூக்கம், கவனக்குறைவு ஆகியவை இதன் பிற அறிகுறிகளாகும்.

உறக்கப் பரிசோதனையின்வழி இந்நோயைக் கண்டறியலாம். உடல் எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவைத் தவிர்த்தல் ஆகியவை பலருக்குப் பயனளிக்கின்றன. பாதிப்பு கடுமையாக இருந்தால், முகமூடியின்வழி காற்றைத் தொடர்ந்து செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி தேவைப்படும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இம்முறையை 1981ஆம் ஆண்டு உலகிற்கு அறிமுகப்படுத்தினார். இக்கருவி பகல்நேரத் தூக்கக் கலக்கத்தைப் போக்குகிறது. இரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால், ஒவ்வோர் இரவும் போதிய நேரம் அணிந்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

இந்நோயில் ஒரு சிக்கல் உண்டு. தம் மூச்சு நின்றதை உறங்குபவர் அறிவதில்லை. நொடிப்பொழுது விழித்ததும் காலையில் அவர் நினைவில் இருப்பதில்லை. அதனைக் கேட்பவர்கள் அதே வீட்டில் இருக்கும் குடும்பத்தினரே. ஆகவே, தாத்தாவோ அப்பாவோ அம்மாவோ குறட்டைக்கு நடுவே மூச்சுத் திணறுவதைக் கண்டால், அதனைக் கேலி செய்து சிரிப்பதோடு நின்றுவிடக்கூடாது. கண்டதை அவர்களிடம் எடுத்துக்கூறி, மருத்துவரை நாடச் செய்ய வேண்டும். வீட்டிலுள்ள ஒருவர் சொல்லும் அச்செய்தியே ஓர் இதயத்தைக் காக்கும் முதற்படியாக அமையக்கூடும்.