மீட்டர் சொன்னது 12.6, வண்டி சொன்னது பூஜ்யம்!



லேபில் மீட்டரை வைத்து ரீடிங் எடுக்கிறோம், ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம், சாரிடம் கையெழுத்து வாங்குகிறோம். அதோடு நம் வேலை முடிந்தது! அந்த ரீடிங்குக்கு என்ன அர்த்தம் என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? எனக்கு அது புரிந்தது லேபில் அல்ல. தளி பக்கத்தில், ஜவளகிரி காட்டு ரோட்டில், ராத்திரி மூன்று மணிக்கு!

என் சித்தப்பாவிடம் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. தளி பக்கத்துத் தோட்டங்களில் முட்டைக்கோஸ், பீன்ஸ் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் சந்தைக்குப் போய்விடுவார். கார்த்திகை மாதம் லீவில் நானும் கூடப் போனேன். கர்நாடகத்துப் பன்னரகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி பக்கம் வரும் சீசன் அது. எதிரே வந்த லாரிக்காரர், "முன்னாடி யானை ரோட்டைத் தாண்டுது, அணைச்சிட்டு நில்லுங்க" என்றார். சித்தப்பா லைட், இன்ஜின் இரண்டையும் அணைத்தார்.

அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்! டேஷ்போர்டு விளக்கு இல்லை, ஹெட்லைட் இல்லை, ஹாரன் இல்லை. சுற்றிலும் கும்மிருட்டு. யானை போய்விட்டதா, நிற்கிறதா, அதுவும் தெரியவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் லோடு வண்டி, அதுவும் மேடு. ஸ்டார்ட் ஆனாலும் லைட் இல்லாமல் அந்த ரோட்டில் எப்படிப் போவது?

"டேய், டிப்ளமோ படிக்கிறேல்ல? பாருடா" என்றார் சித்தப்பா.

பையில் என் டிஜிட்டல் மீட்டர் இருந்தது. சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். 12.6 வோல்ட். பாசிட்டிவ் முனையில் ஒன்று, சேஸிஸில் ஒன்று வைத்தேன். அங்கேயும் 12.6! "பேட்டரியும் எர்த்தும் நல்லா இருக்கு சித்தப்பா, இக்னிஷன் சுவிட்ச்தான் போயிருக்கு" என்று அடித்துச் சொன்னேன். பேனலைக் கழற்றினேன், பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. வண்டி மட்டும் பிணம் மாதிரி நின்றது.

விடிந்ததும் தளியிலிருந்து ஒரு வயரிங் அண்ணன் மொபெட்டில் வந்தார். அவர் கையில் மீட்டர் இல்லை. இரண்டு வயர் வைத்த ஒரு இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட். பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டார்; பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரைப் பாசிட்டிவிலேயே விட்டு, மற்றதை இன்ஜினில் தொட்டார், எரியவில்லை. சேஸிஸில் தொட்டார், அங்கும் எரியவில்லை. உடனே எர்த் கேபிள் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். அடியில் முழுக்கத் துரு! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்!

நான் வெட்கத்தோடு மீட்டரைக் காட்டினேன். சிரித்தார். "தம்பி, கரண்ட் இருக்கான்னு கேக்காதே. வேலை செய்யுதான்னு கேளு" என்றார்.

மீட்டர் ஏமாற்றியது ஏன்?

1827-ல் ஓம் வெளியிட்ட அதே விதிதான், முதல் வருடத்தில் நாம் மனப்பாடம் செய்தது. துருப்பிடித்த அந்த இணைப்பில் 100 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 லட்சம் ஓம் அல்லது அதற்கும் மேல். அதற்கு முன்னால் 100 ஓம் எம்மாத்திரம்? எனவே 12.6 என்றே காட்டும். ஆனால் எரியும் 21 வாட் பல்பின் தடை சுமார் 7 ஓம்தான். 107 ஓமில் ஓடும் கரண்ட் 0.12 ஆம்பியர்கூட இல்லை; பல்புக்கு ஒரு வோல்ட்கூடக் கிடைக்காது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். அதற்கு 0.05 ஓம் தடையே போதும். 200 ஆம்பியரில் 10 வோல்ட் அங்கேயே காலி!

ஆகவே லோடு இல்லாத வோல்டேஜை நம்பி முடிவு செய்யக் கூடாது.

தேடும் முறை

1. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அந்த சர்க்யூட்டைப் பாருங்கள். எல்லாமே ஒன்றாகச் செத்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள்: பேட்டரி, இரண்டு டெர்மினல், பாசிட்டிவ் கேபிள், எர்த் கேபிள், மெயின் பியூஸ். ஹெட்லைட், ஹாரன் வேலை செய்து சாவி சம்பந்தப்பட்டது மட்டும் செத்திருந்தால்தான் இக்னிஷன் சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

2. பேட்டரி: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஆனாலும் பல்பு போட்டுப் பாருங்கள். முதலில் ஈய முனையிலேயே தொடுங்கள், பிறகு அதன் மேலுள்ள கிளாம்பில். முனையில் எரிந்து கிளாம்பில் எரியாவிட்டால் கோளாறு நடுவிலுள்ள அழுக்கில்.

3. எர்த் பக்கம்: பாசிட்டிவ் முனையிலிருந்து இன்ஜினுக்கு, பிறகு சேஸிஸுக்கு, கேபினுக்கு.

4. பாசிட்டிவ் பக்கம்: ஒரு வயரை நெகட்டிவ் முனையில் வைத்து, மற்றதை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட், மெயின் பியூஸின் இரு முனை என்று நகர்த்துங்கள். எங்கே அணைகிறதோ அதற்கு முந்தின இணைப்பில்தான் கோளாறு.

5. இப்போது மீட்டரை எடுங்கள். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு, நெகட்டிவ் முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் அளங்கள். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். அன்று நான் இப்படி அளந்திருந்தால் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்!

6. ஸ்டார்ட் ஆனபின் பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள்

கேபிள் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இல்லாவிட்டால் ஸ்பானர் பாடியில் பட்டு நெருப்புப் பறக்கும். பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவது வண்டியைக் கொளுத்துவதற்குச் சமம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரை 'டெஸ்ட்' செய்யும் பழக்கமும் வேண்டாம். வோல்டேஜ் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

நண்பர்களே, அன்று நாங்கள் போனபோது சந்தை முடிந்துவிட்டது. கோஸ் பாதி விலைக்குப் போனது. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. வயரிங் அண்ணனோ ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் செய்ததும் ஓம் விதிதான். நான் படித்ததும் ஓம் விதிதான். அவர் அதை ஒரு பல்பில் வைத்திருந்தார், நான் ரெக்கார்டு நோட்டில் வைத்திருந்தேன். நாளை ஓசூர் சிப்காட்டில் அப்ரெண்டிஸாக நுழையப்போகும் நாம், மீட்டரோடு ஒரு 21 வாட் பல்பையும் பையில் போட்டுக்கொள்வோம். விலை குறைவு, பொய் சொல்லாது!