பூகம்ப வரைபடத்தில் அரியலூர்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரத்தை, 1940-ஆம் ஆண்டில் பூகர்ப்ப நிபுணர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த நாள்தொட்டு, ஜனங்கள் வந்து பார்த்து வியந்து போகிறார்களே தவிர, இங்கே ஒரு காலத்தில் கடல் புகுந்ததென்றால் அதற்கு இடங்கொடுத்துத் தரை எவ்வாறு தாழ்ந்தது என்று கேட்பவர் அதிகமில்லை.

கோண்ட்வானா என்னும் ஆதிகண்டம் உடைந்து, அண்டார்க்டிகாவை விட்டு இந்தியா விலகிய யுகத்தில், இன்றைய கிழக்குக் கரையோரத்தில் நிலம் பிளந்து துண்டுதுண்டாய்க் கீழிறங்கிற்று. அப்படி இறங்கிய பள்ளங்களுள் ஒன்றுக்கு அரியலூர்–புதுச்சேரித் தாழ்பகுதி என்று பெயர். காரை கிராமத்து ஓடைகளில் இறங்கி நடந்தால், களிமண் சரிவில் ஜிப்சம் படலங்கள் வெயிலில் பளபளக்க, பெலம்னைட் என்னும் கடற்பிராணியின் எச்சங்கள் துப்பாக்கி ரவைகளைப்போல் சிதறிக் கிடப்பதைக் காணலாம். இங்கிருந்து மேற்கே சற்றுத் தொலைவில் பச்சைமலைப் பக்கத்துப் பழம்பாறை தொடங்கிவிடுகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் விளிம்பே பூகம்ப ஆராய்ச்சிக்காரர் கூர்ந்து நோக்கத்தக்க இடம்.

பயமுறுத்துவது என் நோக்கமன்று. தமிழகம் கண்ட பூகம்பங்களில் பேர்பெற்றவை, ரிக்டர் அளவில் சுமார் ஆறு என்று மதிக்கப்படும் 1900-ஆம் ஆண்டின் கோயம்புத்தூர் நடுக்கமும், 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நேர்ந்த 5.5 அளவு நடுக்கமுந்தான். ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் ஆயிரம் ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்பது, இப்பிரதேசத்தில் பேரதிர்ச்சி அபூர்வம் என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் அந்தச் சாட்சி கடந்த காலத்துக்கு மட்டுமே செல்லும். மஹாராஷ்டிரத்துக் கில்லாரியும், அரசாங்க வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த முதலாம் மண்டலத்தில் நிம்மதியாக இருந்த ஊர்தான். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி விடியுமுன், மண் சாந்து வைத்துக் கட்டிய கனத்த கற்சுவர்கள் சரிந்து, பல ஆயிரம் பேர் உறக்கத்திலேயே மாண்டார்கள். 2002-இல் வரைபடத்தைத் திருத்தியவர்கள் அந்த முதலாம் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஆயினும் மண்டல வரைபடம் நாட்டுக்கு உரியது. வீடு கட்டுகிறவனுக்கு வேண்டியது தன் மனைக்கு உரிய விவரம். 1985-இல் பசிபிக் கரையோரத்தில் பிறந்த பூகம்பம், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மெக்ஸிகோ நகரத்தை நாசமாக்கியதற்குக் காரணம், அந்நகரம் பழைய ஏரியின் மென்மையான வண்டல்மேல் அமைந்திருந்ததே. அலை கெட்டிப் பாறையில் விரைந்து கடந்துவிடும். மென்மண்ணில் வேகம் குறைந்து வீச்சுப் பெருகும். எனவே பெரம்பலூரின் மேற்குப் பாறையும், கொள்ளிடக் கரையின் வண்டலும், நடுவேயுள்ள களிமண்ணும் ஒரே நடுக்கத்துக்கு ஒரேவிதமாக அசையமாட்டா.

அரியலூருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் கடகடவென்று ஆடும். பூமி நடுங்கியதா, வெடியா என்று ஊரார் குழம்புவார்கள். நடுக்கமானிக்கு அந்தக் குழப்பம் இல்லை: வெடி சுற்றியுள்ள மண்ணை எல்லாத் திசையிலும் வெளிநோக்கித் தள்ளும், பிளவு நழுவினாலோ சில திசைகளில் தள்ளலும் சில திசைகளில் இழுப்பும் பதிவாகும். ஆகவே அரியலூர், பெரம்பலூர் ஆகிய இவ்விரு மாவட்டங்களிலும் சில நடுக்கமானிகளை நிரந்தரமாக நிறுத்தி, கிராமந்தோறும் மண்ணின் தன்மையைச் சோதித்து வரைபடமாக்கி, அதைத் தமிழிலேயே அச்சிட்டு ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் மாட்டிவைக்க அரசாங்கம் முன்வர வேண்டும்.