எடுத்த கணக்கு ஊருக்குத் திரும்பட்டும்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சித்தன்னவாசலுக்கு வருவோர், அறிவர் கோயிலின் தாமரைக் குளத்து ஓவியத்தையும், ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்த முனிவர்களின் சமயம் போற்றிய தானங்கள் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். மருந்துக்கும் கல்விக்கும் ஒரே வரிசையில் இடம் தந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இன்று மருந்து வீடு தேடி வருகிறது. உடன் வரவேண்டிய அறிவு வந்து சேர்கிறதா?

அண்மையில் அக்குன்றை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சுகாதாரப் பணிக்காக வீடு வீடாகச் செல்லும் ஓர் இளம்பெண் வந்தார். எண்பதை நெருங்கும் மூதாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்த்து, எண்ணைக் கைப்பேசியில் பதிந்து, மாத்திரைகளைக் கொடுத்தார். "எவ்வளவு இருக்கு தாயி?" என்று கேட்டார் மூதாட்டி. "கொஞ்சம் கூடத்தான் இருக்கு அப்பத்தா, மாத்திரைய விடாம போடுங்க" என்று பதில் வந்தது. அடுத்த கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இந்த நோவு இருக்கு?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் போன்ல ஏத்தி அனுப்பிட்டோம் அப்பத்தா, எங்களுக்கே தெரியாது" என்றார்.

இது அந்தப் பெண்ணின் குறையன்று. நாம் நெடுங்காலமாகப் பழகிவிட்ட நடைமுறை. கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடியில் எடுக்கப்படும் குழந்தைகளின் எடை, கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் பிக்மி எண் என ஊரைப் பற்றிய விவரங்கள் நாள்தோறும் திரட்டப்படுகின்றன. துணை சுகாதார நிலையத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், வட்டாரம், மாவட்டம், தலைநகர் என அவை மேலே ஏறுகின்றன. ஏறிய வழியே அவை இறங்கி வருவது அரிது.

மேலே சென்ற கணக்கால் பயனில்லை என்று கூறமாட்டேன். தமிழகத்தில் ஒவ்வொரு தாய் மரணமும் ஏன் நிகழ்ந்தது, எங்கே தாமதம் ஏற்பட்டது என்று விசாரித்துப் பதியும் முறை பல ஆண்டுகளாக நடப்பில் உள்ளது. 2018–20 காலகட்டத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் மரணங்கள் தேசிய அளவில் 97 ஆக இருந்தபோது, தமிழகத்தில் 54 ஆக இருந்ததற்கு அந்த விசாரணைகளும் ஒரு காரணம். பிரசவம் மருத்துவமனையில் நிகழ்வது. அங்குள்ள குறையை அதிகாரிகள் அறிந்தால் திருத்த முடியும்.

ரத்த அழுத்தமும் நீரிழிவும் அப்படிப்பட்டவை அல்ல. அவை அடுப்படியிலும் வயலிலும் வேலைத்தளத்திலும் நாள்தோறும் கட்டுப்படுத்தப்பட வேண்டியவை. 2020-இல் தமிழகத்தில் நடத்தப்பட்ட ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியைக் குறைக்கவே வந்தது. மாத்திரைக்காக ஒருநாள் கூலியை இழந்து பேருந்து ஏறிய முதியவர்களுக்கு அது பேருதவி. ஆனால், 'உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு மாத்திரை?' என்று நிறுத்திவிடுபவரைத் தொடரச் செய்வது மாத்திரை அன்று, விளக்கம்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவச் சேவை மற்ற சந்தைச் சரக்குகளைப் போன்றதல்ல என்பதை அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். மருத்துவருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் முதன்மையானது. அறிவிலுள்ள இந்த ஏற்றத்தாழ்வு எளியவரையே அதிகம் தாக்கும். அதே வேளையில், அறிவு ஒரு விந்தையான செல்வம், பகிர்ந்தால் குறைவதில்லை. மேலும், மருத்துவர் அறியாததை ஊர் அறிந்திருப்பதும் உண்டு.

1854-இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, மரணங்களைக் கணக்கிட்டு அங்கிருந்த தண்ணீர்க் குழாயே காரணம் என்று சுட்டியவர் மருத்துவர் ஜான் ஸ்நோ. ஆனால், நோய் தொடங்கிய வீட்டைக் கண்டறிந்தவர் அப்பகுதி மக்களோடு நெருங்கிப் பழகிய பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். மருத்துவரின் கணக்கும் ஊரின் அறிவும் சேர்ந்தபோதுதான் உண்மை முழுமையாயிற்று.

இதற்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. சித்தன்னவாசல் அமைந்துள்ள அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே ஆதிதிராவிடர் குடியிருப்பில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். குடிநீரில் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவர்கள் கூறினர். மக்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோதுதான், அதில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்த கொடுமை வெளிப்பட்டது. வழக்கைப் பற்றி நான் இங்கு பேசவில்லை. மருத்துவர் சொன்ன ஒரு சொல் ஊருக்குத் திரும்பி வந்ததால்தான் அத்தண்ணீரை மேலும் குடிக்காமல் மக்கள் தப்பினர் என்பதை மட்டும் சுட்ட விரும்புகிறேன்.

இவ்வளவும் எழுதும் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பதுகளின் இறுதியில் முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, மருத்துவத்துக்கு எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு கடன் என்றெல்லாம் கேட்டு எழுதினேன். பட்டம் கிடைத்தது, ஆய்வேடு நூலக அலமாரியில் அமர்ந்தது. விடை சொன்ன குடும்பங்களுக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பிச் செல்லவில்லை. பின்னொரு நாள் சந்தையில் என்னை அடையாளம் கண்ட கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவர், "அன்னைக்கு எழுதிட்டுப் போனீங்களே சார், என்ன ஆச்சு?" என்றார். என்னிடம் விடை இல்லை.

அந்த நாள்களில், 'எண்களைச் சொன்னால் அவர்களுக்குப் புரியுமா?' என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தச் சாக்கை உடைத்தது அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, இம்மாவட்டத்தின் கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் எழுத்துக் கற்றனர்; பல்லாயிரம் பேர் சைக்கிளும் கற்றனர். பின்னர் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திய ஆரோக்கிய இயக்கத்தில், குழந்தையின் எடையை அன்னையின் முன்னால் பார்த்து, என்ன உணவு தரலாம் என்று அவரோடே பேசினர். எடுத்த கணக்கு அந்த இடத்திலேயே உரியவர் கைக்குத் திரும்பியது.

இன்று செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடத்தப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஊராட்சியின் உடல்நலக் கணக்கை ஒரே பக்கத்தில் செவிலியர் வாசிக்கட்டும்: ரத்த அழுத்தம் உள்ளோர் எத்தனை பேர், கட்டுக்குள் இருப்போர் எத்தனை பேர், எடை குறைந்த குழந்தைகள் எத்தனை, எந்தப் பகுதியில் காய்ச்சல், குடிநீர்ச் சோதனையின் முடிவு என்ன? குடிநீர்த் தொட்டியில் சுத்தம் செய்த நாளை எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு; அதன் நீட்சிதான் இது. ஊரார் தாம் கண்டதை அக்கணக்கில் சேர்க்கவும் அங்கே இடம் வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. பெயர் கூடாது. இருபது வீடுகள் உள்ள குடியிருப்பில் வெறும் எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஊராட்சி அளவில் தொகுத்தே சொல்ல வேண்டும். காசநோய், எச்ஐவி போன்று சமூகம் இன்னும் ஒதுக்கிவைக்கும் நோய்களைப் பொதுவில் பேசும் முன் பலமுறை சிந்திக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது கிராமத்துக்கும் பொருந்தும்.

அப்பத்தாவின் கேள்வி எளியது. விடையும் எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. அவர் உடம்பிலிருந்து எடுத்த எண்ணை அவர் ஊருக்குச் சொல்ல நமக்கு என்ன தயக்கம்?