நேர்முகப் பரீட்சையும் புதிர்க் கேள்விகளும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று முன்னோர் சொல்லிவைத்தனர். பெண்களும் உத்தியோகம் வகிக்கும் காலத்தில் அவ்வாக்கின் பாதி வழக்கொழிந்துவிட்டது. எனினும், உத்தியோகத்தின் வாயிலில் நிற்கும் நேர்முகப் பரீட்சை இருபாலார்க்கும் பொதுவான அச்சமாகவே இருந்து வருகிறது. கல்லூரிப் பரீட்சையில் எப்பாடத்திலிருந்து கேள்வி வரும் என்பதையாவது மாணவன் அறிவான். உத்தியோகம் நாடிச் செல்பவனோ, எதிரே இருப்பவர் எதை மெச்சுவார், எதை வெறுப்பார் என்று அறியாமலே அவர்முன் அமர்கிறான்.

கேட்பவரின் விருப்பமே கேள்வியாக மாறுவது புதிய வழக்கமன்று. மின்விளக்கினாற் புகழ்பெற்ற தோமஸ் அல்வா எடிசன், தம்மிடம் வேலை கோரிய பட்டதாரிகளுக்கென ஏறக்குறைய 150 கேள்விகளைத் தயாரித்து வைத்திருந்தார். வொல்கா நதி எங்கே உள்ளது? பிரான்சின் எல்லையில் உள்ள நாடுகள் எவை? இன்ன நீள அகல உயரமுள்ள அறையிலுள்ள காற்றின் நிறை யாது? 1921ஆம் ஆண்டில் இக்கேள்விகள் நியூயோர்க் பத்திரிகையில் வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கின. அவ்வேளை அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த ஐன்ஸ்டைனிடம், ஒலியின் வேகம் என்னவென்று எடிசனின் கேள்விகளுள் ஒன்று கேட்கப்பட்டது. புத்தகத்திற் பார்த்து அறியக்கூடியதைத் தாம் மனத்திற் சுமப்பதில்லை என்றார் அவர். எடிசனின் பரீட்சையில் ஐன்ஸ்டைனுக்கே புள்ளி குறைந்திருக்கும்!

பின்னாளிற் கணினிக் கம்பனிகள் ஞாபகசக்தியை விடுத்து, புத்திக்கூர்மையைச் சோதிக்கப் புகுந்தன. தெருவிலுள்ள சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது மைக்ரோசொப்ட் கம்பனியுடன் இணைத்துப் பேசப்பட்ட கேள்வி. 1998ஆம் ஆண்டில் தோன்றிய கூகிள் நிறுவனமோ இவ்விளையாட்டைத் தெருவுக்கே கொண்டுவந்தது. 2004ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலையருகே ஒரு கணிதப் புதிர் மட்டும் பெரிய விளம்பரப் பலகையில் எழுதப்பட்டிருந்தது. கம்பனியின் பெயர் அதில் இல்லை. விடை கண்டவர்க்கு மற்றொரு புதிர் காத்திருந்தது. அதையும் தீர்த்தவரே விண்ணப்பிக்குமாறு அழைக்கப்பட்டார். இவ்வாறு உள்ளே சென்றவரும் இளைப்பாற முடியவில்லை. ஒரு பாடசாலைப் பேருந்தில் எத்தனை கோல்ப் பந்துகளை அடைக்கலாம் என்பது போன்ற கேள்விகள் தொடர்ந்தன. ஒருவரையே பத்துத் தடவைக்கும் மேலாக அழைத்து வினாவியதும் உண்டு.

இவ்வளவு வருத்தமும் யாது பயன் தந்தது? அதனை அந்நிறுவனமே ஆராய்ந்து பார்த்தமை பாராட்டத்தக்கது. பல்லாயிரம் நேர்முகப் பரீட்சைகளின் குறிப்புகளை எடுத்து, யார் யாருக்கு எத்தனை புள்ளி கொடுத்தார், புள்ளி பெற்றவர் பின்னர் எவ்வாறு வேலை செய்தார் என ஒப்புநோக்கினர். இரண்டுக்கும் தொடர்பே காணப்படவில்லை. ஒரேயொரு பரீட்சகரின் கணிப்பு மட்டும் பலித்திருந்தது. அவரோ தமக்கு நன்கு தெரிந்த ஒரு சிறப்புத் துறைக்கு மட்டுமே ஆள் எடுத்தவர். அப்போது ஆளணிப் பகுதிக்குத் தலைவராயிருந்த லாஸ்லோ பொக் இதனை 2013ஆம் ஆண்டில் பகிரங்கமாகக் கூறினார். புதிர்க் கேள்விகள் வெறும் காலவிரயம் என்பதும், கேட்பவர் தம்மைப் புத்திசாலியென்று எண்ணி மகிழவே அவை உதவின என்பதும் அவர் கருத்து. கோல்ப் பந்துக் கேள்வியால் வேலையிழந்து வீடு சென்றவர்களுக்கு இவ்வொப்புதல் காலங் கடந்தே கிட்டியது.

உளவியலாளர் இதனை வெகு முன்னரே உரைத்திருந்தனர். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகளை முன்கூட்டி வகுத்த அளவுகோலால் அளத்தலே, மனம்போனவாறு பேசிப் பார்ப்பதிலும் சிறந்தது என்பது அவர் கண்ட முடிவு. கடினமான ஒரு பிரச்சினையை நீர் தீர்த்த சந்தர்ப்பத்தைக் கூறும் என்று கேட்டால், செய்தவன் விவரமாகச் சொல்வான், செய்யாதவன் தடுமாறுவான். கூகிளும் இவ்வழிக்குத் திரும்பியது. நான்கு தடவைக்கு மேல் ஒருவரை வினாவுவதாற் பெரும்பயன் இல்லையென்றும் அங்கே கணித்தனர். வேலைக்கு எடுக்கும் முடிவையும் தனி அதிகாரியிடம் விடாது, குறிப்புகளைப் படிக்கும் ஒரு குழுவிடம் ஒப்படைத்தனர். விண்ணப்பித்தவரின் முகத்தைப் பாராத குழு அவரது உடையையும் உச்சரிப்பையும் கண்டு மயங்குவதற்கு இடம் குறைவு.

இதனால் அச்சம் அகன்றுவிட்டதென எண்ணலாகாது. வேலையில் அமர்ந்தபின் கணினியையும் நூல்களையும் துணைக்கொண்டு செய்யும் கருமத்தை, அபேட்சகர் வெண்பலகையின் முன் நின்று, பிறர் பார்த்திருக்கத் தம் கையாலேயே எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. கைதேர்ந்தவர்களும் அங்கே தவறியதுண்டு. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் இப்பரீட்சை வீட்டுத் திரைக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகவே, திரைக்கு அப்பால் விடை சொல்வது மனிதரோ இயந்திரமோ என்ற ஐயம் பிறந்தது. ஒரு சுற்றையேனும் நேரில் நடத்துவதென்று, மதுரையிற் பிறந்து கூகிளின் தலைமை நிர்வாகியான சுந்தர் பிச்சை 2025ஆம் ஆண்டில் அறிவித்தார்.