தேசிப்புளி விட்டால் வெடுக்கு எங்கே போகிறது?

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடியப்புறம் இறங்கும் சூரையில் கடல்மணம் மட்டும்தான். ஐஸ் படாமல் வெயிலில் கிடந்தால் மத்தியானத்துக்குள் வெடுக்கு கிளம்பிவிடும். கிளம்புவது ட்ரைமெதைலமைன். கடல்மீனின் தசையில் ட்ரைமெதைலமைன் ஒட்சைட்டு என்றொரு பொருள் உண்டு. உப்பையும் ஆழத்தின் அழுத்தத்தையும் தாங்க அது உதவுகிறது. அதற்கு மணமே இல்லை. மீன் செத்தபின் பற்றீரியாக்கள் அதிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ள, மிச்சம் காற்றில் பறக்கிறது. சுறாவிலும் திருக்கையிலும் இந்தச் சரக்கு கூடுதல். கந்தளாய்க் குளத்து மீனில் குறைவு. அதில் குறை சொல்வதென்றால் மண்வாடையைத்தான் சொல்ல வேண்டும்.

பறந்தது மூக்கின் உச்சியிலுள்ள சீதப்படலத்தில் கரைகிறது. அங்கே நரம்புக் கலங்களின் நுண்மயிர்களில் மணவாங்கிகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கலமென்சவ்வை ஏழு தடவை ஊடறுத்துச் செல்லும் புரத இழை. மனிதருக்கு இவை ஏறத்தாழ 400 வகை. இந்தக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மீன்வெடுக்குக்கான வாங்கி இந்தக் குடும்பத்தில் இல்லை. 2006இல் லிபர்லஸும் பக்கும் மூக்கில் கண்ட இன்னொரு சிறிய குடும்பத்தைச் சேர்ந்த டார்-5தான் அது. மூலக்கூறு பொருந்தியதும் வாங்கியின் உருவம் சற்று மாறுகிறது; உள்ளே ஒரு நொதியம் விழிக்கிறது; வாயில்கள் திறந்து சோடியமும் கல்சியமும் பாய்கின்றன; மூளைக்குச் செய்தி போகிறது.

தேசிப்புளி விட்டால் வெடுக்கு அடங்குவது பாதிக் கதைதான். புளியின் ஐதரசன் ஏறி ட்ரைமெதைலமைனுக்கு மின்னேற்றம் வந்துவிடும். பிறகு அது பறக்காது, சட்டியிலேயே கிடக்கும். பழப்புளியும் கொறுக்காயும் செய்வது இதையேதான். வேடிக்கை என்னவென்றால், பறந்து தப்பியதற்கும் மூக்கின் ஈரத்தில் அதே ஐதரசன் ஏறுகிறது. டார்-5 கவ்விப் பிடிப்பதும் அந்த மின்னேற்றத்தைத்தான். ஆக, நம் சமையல் தடுப்பது பயணத்தை மட்டும்.

வாங்கி கொஞ்சம் பிசகினால்? ஐஸ்லாந்தில் பதினோராயிரம் பேர் வரை முகரவைத்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. டார்-5 புரத இழையின் 95ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் வந்தவர்களுக்கு மீன்வெடுக்கு மங்கலாகவே தெரிந்தது. அவர்களில் சிலர் அதைக் கரமல் என்றார்கள், சிலர் உருளைக்கிழங்கு என்றார்கள்.