உள்ளூர்ச் சந்தையும் நல்லுணவும்

கமக்காரர்களே!

அருவி ஆற்றுத் தேக்கத்திலிருந்து நீர் பெறும் கட்டுக்கரைக் குளத்தின் கீழ்க் காலபோகத்தில் நெல் விளைகின்றது. தோட்டங்களில் கத்தரி, வெண்டி, பயற்றை காய்க்கின்றன. எனினும், தம் கத்தரிக்காயைத் தரகரிடம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்த மரக்கறியைக் கூடிய விலைக்கு வாங்கிச் செல்லும் கமக்காரரைப் பலமுறை கண்டுள்ளேன். இந்நிலையை மாற்ற உள்ளூராட்சி மன்றங்களால் இயலும்.

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஐவருள்ள வீட்டிற்கு இது 2 கிலோகிராம். விலை ஏறினால் ஏழை வீட்டார் முதலிற் குறைப்பது இதனையே.

மன்றங்கள் செய்யத்தக்கவை:

1. சந்தையில் இடம்: சந்தை அமைத்து நடத்தும் அதிகாரத்தை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வழங்குகின்றது. கிழமையில் இரு நாள், நிழலும் நீரும் உள்ள இடத்தைக் கமக்காரருக்கென ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் உழவர் சந்தையைத் தொடங்கியது மாநில அரசு. பிரேசில் நாட்டுப் பெலோ ஒரிசாந்தேயிலோ, நகராட்சியே 1993இல் உணவுக்கெனத் தனிப் பிரிவு அமைத்து, கமக்காரர் நேரடியாக விற்க இடமளித்தது.

2. நல்லுணவு: மன்றம் நடத்தும் முன்பள்ளிகளில் தவிடு நீக்காத அரிசிக் கஞ்சி, கீரை, பயறு வழங்கலாம். கிராமப் பெண்கள் உள்ளூர் உணவு சமைத்து விற்கும் அம்மாச்சி உணவகங்கள் வட மாகாணத்திலேயே உள்ள நல்ல முன்மாதிரி.

3. கூட்டெரு: சந்தைக் கழிவைத் தரம்பிரித்து மக்கச் செய்தால், அது மீண்டும் தோட்டத்திற்கு உரமாகும். 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டம் இதற்கெனவே உள்ளூராட்சி மன்றங்களுக்கு உதவியது.

கமக்காரர் கடமையும் உண்டு. மருந்து தெளித்தபின் சிட்டையிற் குறித்த நாட்கள் கழியாமற் காய் பறித்தல் ஆகாது. நாள்தோறும் காய் கிடைக்குமாறு, ஒரே தடவையில் நடாமல், இரு கிழமைக்கொரு பாத்தியாக நடுக. நீர் குறைந்த சிறுபோகத்தில் நெல்லுக்குப் பதிலாகப் பயறு, உளுந்து விதைக்க. விற்க இடம் உறுதியாயின் இதற்குத் துணிவு பிறக்கும்.

ஆகவே, அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன், உங்கள் கமக்காரர் அமைப்பின் பெயரால் சபைத் தவிசாளரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எத்தனை பேர், எந்த மாதத்தில், எவ்வளவு காய் கொணர்வர் என்ற பட்டியலையும் இணையுங்கள். வெறுங்கையோடு கேட்பவரிலும் கணக்கோடு கேட்பவரின் சொல்லே அவையில் நிற்கும்.